கழிப்பறைக் கோப்பையில் நிற்கும் நீர்

திருவனந்தபுரத்துக்குச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் 1933இல் வந்தது. கரமனை ஆற்றின் அருவிக்கரை அணையிலிருந்து நீர் கொண்டுவந்த அத்திட்டத்துக்கு வைஸ்ராய் வில்லிங்டன் பெயர் சூட்டப்பட்டது. பாதாளச் சாக்கடை அதன் பின்னரே வந்தது. கழிவு வலியதுறைப் பண்ணையில் பாய்ந்தது. பிற்காலத்தில் முட்டத்தறையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது.

அணையும் சாக்கடையும் பெரிய வேலைகள்தாம். ஆனால் வீட்டுக்குள் நாற்றம் வராமல் காப்பது கோப்பைக்கு அடியிலுள்ள வளைகுழாய். ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வளைவில் தேங்கும் நீரே அடைப்பு.

ஃப்ளஷ் செய்தபின் அந்த நீர் குறைந்தால், தொட்டிக்குள் கோப்பையை மீண்டும் நிரப்பும் சிறுகுழல் நழுவியிருக்கலாம். காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டாலோ, கழிவோடு வளைவின் நீரும் இழுபட்டுப் போகும். கோப்பையை மாற்றுமுன் மொட்டைமாடியில் அக்குழாயின் வாயைப் பார்த்துவிடுவது நல்லது.