ஒளிமின்முனையும் நீடித்துழைப்பும்: சூரிய ஹைட்ரஜன் ஆய்வு வரலாற்றில் சென்னை

ஆய்வுச்சுருக்கம்

சூரிய ஒளியால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் பெறும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் செயல்திறன் எண்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. மின்முனை எவ்வளவு காலம் தாங்கியது என்னும் வினாவின் வழி அவ்வரலாற்றையும் அதில் சென்னையின் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிமின்முனை, குறைக்கடத்தி, நீர்ப்பகுப்பு, வினையூக்கம், ஹைட்ரஜன்.

முன்னுரை

1972இல் ஜப்பானிய அறிவியலாளர்களான அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், ஒளிபட்ட டைட்டானியம் டைஆக்சைடு மின்முனையையும் பிளாட்டினம் மின்முனையையும் இணைத்து நீரைப் பகுக்கலாம் என அறிவித்தனர். அடுத்த ஆண்டே எழுந்த எண்ணெய் நெருக்கடி இக்கண்டுபிடிப்பின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியது.

அடிப்படை முரண்

நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். இழப்புகளை ஈடுசெய்ய நடைமுறையில் அதனினும் மிகுதி தேவை. டைட்டானியம் டைஆக்சைடின் ஆற்றலிடைவெளி ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட். ஆதலால் அது சூரிய ஒளியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான புறஊதாப் பகுதியையே பயன்படுத்துகிறது. கண்ணுறு ஒளியை ஏற்கும் காட்மியம் சல்ஃபைடோ, நீரை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டிய துளைகளால் தானே அரிக்கப்படுகிறது. நீரில் நிலைப்பது ஒளியைத் தவறவிடுகிறது; ஒளியைப் பற்றுவது நீரில் நிலைப்பதில்லை. 1998இல் அமெரிக்காவில் காசெலெவ், டர்னர் ஆகியோர் 12.4 விழுக்காடு செயல்திறனை எட்டிய அமைப்பிலும், ஒரு நாள் அளவிலான சோதனையிலேயே மின்னோட்டம் குறையத் தொடங்கியது.

துருவின் இயல்புடைய ஹேமடைட் மலிவானது, காரக் கரைசலில் நிலைப்பது, 2.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுடையது. ஆனால் அதில் தோன்றும் துளைகள் சில நானோமீட்டர் தொலைவுக்குள் அழிந்துவிடுகின்றன. நுண்கட்டமைப்பு, மாசூட்டல், மேற்பரப்பில் வினையூக்கி படியச்செய்தல் ஆகிய மேம்பாடுகள் இக்குறையிலிருந்தே பிறந்தன.

சென்னையின் வினையூக்க மரபு

அடையாற்றை ஒட்டிய வளாகத்தில் 1959இல் மேற்கு ஜெர்மனியின் துணையுடன் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், வேதியியல் பேராசிரியர் எம்.வி.சி. சாஸ்திரி மேற்பரப்பு வேதியியலையும் வினையூக்கத்தையும் ஆய்வுத்துறைகளாக வளர்த்தார். இந்திய ஹைட்ரஜன் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டவர்களுள் அவரும் ஒருவர். அம்மரபில் வந்த பி. விஸ்வநாதன், 2006இல் அங்கு உருவான தேசிய வினையூக்க ஆய்வு மையத்துடன் நெருங்கிய தொடர்புடையவர்; எம். ஆலிஸ் சிபியோவுடன் இணைந்து ஒளிமின்வேதியியல் குறித்து நூலும் எழுதினார். வினையூக்கியை மதிப்பிடுவோர் அதன் வேகத்தோடு ஆயுளையும் கேட்பர். ஒளிமின்முனைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

2020இல் அதே கழகத்தின் வேதிப்பொறியியல் துறையைச் சேர்ந்த முகமது ஹம்தானும் அரவிந்த் குமார் சந்திரனும் சீசியம் பிளாட்டினம் அயோடைடு மின்முனையை அறிமுகப்படுத்தினர். ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுகள் ஒளியை நன்கு ஏற்பினும் ஈரம் பட்டால் சிதைபவை. இச்சேர்மமோ கடும் அமிலத்திலும் காரத்திலும் நிலைத்து, 12 மணி நேரத்திற்கு மேல் செயல்திறன் குன்றாது இயங்கியது. சதுர சென்டிமீட்டருக்கு 0.8 மில்லி ஆம்பியர் என்னும் அதன் மின்னோட்டம், ஏறத்தாழ 1.4 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி அனுமதிக்கும் அளவினும் மிகக் குறைவு; பிளாட்டினமும் அரிய உலோகம். செயல்திறனை மட்டும் நோக்கும் வரலாற்றில் இம்முயற்சி அடிக்குறிப்பாகவே நிற்கும். நீரைத் தாங்காத வகையொன்றை நீருக்குள் நிலைநிறுத்தியமை நீடித்துழைப்பின் வரலாற்றில் ஒரு திருப்பம். இதனை வினையூக்க ஆய்வு மரபின் நேரடித் தொடர்ச்சி எனக் கொள்ள வேண்டுவதில்லை. துறை வேறாயினும் எழுப்பிய வினா ஒன்றே.

முடிவுரை

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டுள்ளது. இவ்விலக்கு பெரிதும் மின்பகுப்புக் கலன்களை நம்பியது. ஒளிமின்முனை அவற்றோடு போட்டியிட வேண்டுமாயின் மணிக்கணக்கிலான ஆயுள் ஆண்டுக்கணக்காக வேண்டும். எனவே உச்சச் செயல்திறனோடு, அது எத்தனை மணி நேரம், எந்தக் கரைசலில், எவ்வளவு ஒளியில் நிலைத்தது என்பதையும் பதிவுசெய்யும் வரலாறே இத்துறையின் உண்மையான வளர்ச்சியைக் காட்டும்.