பெர்ஷியன் பூனைக்கு மூக்கு போன கதை

இங்கே தில்லியில் பெர்ஷியன் குட்டி வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது, "டால் ஃபேஸா, பஞ்ச் ஃபேஸா?" மூக்கு ஒழுங்காகத் தெரிந்தால் டால். யாரோ குத்துவிட்டு அமுக்கின மாதிரி சப்பையாக இருந்தால் பஞ்ச். அதற்குத்தான் விலை கூடுதல். மூக்கு குறையக் குறைய விலை ஏறும் இந்த வழக்கம் பாரசீகத்தில் வந்ததில்லை மக்களே!

பியெத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி 1620-ல் இஸ்பஹானிலிருந்து எழுதின கடிதத்தில் குராசான் பூனைகளை வர்ணித்திருக்கிறார். சாம்பல் நிறம், பட்டு போல நீள முடி. மற்றபடி உருவத்தில் சாதாரணப் பூனைதானாம். நாலு ஜோடியை ரோமுக்குக் கொண்டுபோக அவருக்கு ஆசை. போர்த்துகீசியர்கள் ஏற்கெனவே இவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டதாகவும் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் நமக்கு இது பழைய விருந்தாளி :-)

அடுத்த திருப்பம் லண்டனில். 1871-ல் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சியில் பெர்ஷியன்களும் வந்தன. பரிசு என்று வந்துவிட்டால் ஜோடி பார்த்து இனம் பெருக்குவதும் வந்துவிடும் இல்லையா? அந்தக் காலப் படங்களில் இவற்றுக்கு நல்ல மூக்கு இருக்கிறது. முகம் இவ்வளவு சப்பையானது 20-ம் நூற்றாண்டில், அதிலும் அமெரிக்க வளர்ப்பாளர்கள் கையில். 2008-ல் வெளியான மரபணு ஆய்வொன்றில், இன்றைய பெர்ஷியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்ந்தது. பெயரில் மட்டும்தான் பாரசீகம்!

இந்த அழகுக்கு விலை கொடுப்பது பூனை. மூக்குத் துளை சுருங்கி மூச்சு இழுக்கும். கண்ணீர் வடிகால் வளைந்து கண் ஓயாமல் வடியும். தாடை குட்டையானதால் பல் வரிசை கோணும். இது தவிர, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் அதிகம். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரலாம். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது சோதனை உண்டு. குட்டியின் விலையைப் பேசுமுன் அந்தச் சோதனைத் தாளைக் கேளுங்கள்.

வளர்ப்பவர்களுக்கு: தினமும் அடிமுடி வரை சீவ வேண்டும். விட்டால் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். கண்ணோரத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, அதனால் மே மாத தில்லிக்கு குளிர்ந்த அறை கட்டாயம். லீவுக்கு ஊர் போகும்போது ஒன்றரை நாள் ரயிலில் சப்பை மூக்குப் பூனையை இழுத்தடிக்காதீர்கள். நம்பிக்கையான வீட்டில் விட்டுப் போங்கள்.

குழந்தைகள் அடம்பிடித்து வாங்கியே ஆகவேண்டும் என்றால், மூக்குள்ள குட்டியாகப் பாருங்கள். குராசான் பூனைக்கு இருந்தது அதுதான். விலையும் குறைவு, பூனைக்கு மூச்சும் சுலபம்.