பாக்குவெட்டி மாதிரி ஒரு கருவி!

பாட்டி வீட்டுப் பாக்குவெட்டி ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே சாயலில் ஒரு இரும்புக் கருவி. அதைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. அதற்கு என்ன வேலை என்கிறீர்களா? சுட்டு முடித்த தோட்டாவுக்கு மறுபிறவி கொடுப்பது!

துப்பாக்கி வெடித்ததும் ஈயக்குண்டு பறந்துவிடும். பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். மறுபடி மருந்து நிரப்பி, புதுக் குண்டைச் செருகினால் திரும்பவும் சுடலாம்.

1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் திரிந்த காட்டெருமை வேட்டைக்காரர்களுக்கு இதுதான் சௌகரியம். கடைகளோ வெகுதூரம். பகலில் சுடுவார்கள், ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து தோட்டா அடைப்பார்கள். தோல் வியாபாரம் கொழித்தது. விளைவு? கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள், 1889 கணக்கெடுப்பில் 1,100-ஐக்கூடத் தொடவில்லை!

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது, கருவியில் பொறித்திருக்கும் எழுத்தை. வின்செஸ்டர் கருவிகள் சிலவற்றில் 1874-ம் வருடக் காப்புரிமைத் தேதி இருக்கும். 1884-ல் ஜான் பார்லோ, கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் ஐடியல் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய கருவிகள் சிலவற்றில் குண்டு வார்க்கும் அச்சும் சேர்ந்தே இருக்கும். 1925-ல் ஐடியலை லைமன் கம்பெனி வாங்கியது. ஆகவே, இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் அது 1925-க்குப் பிந்தியது. வயசு பிடிபட்டுவிட்டது!

கருவியின் வயசைச் சொல்ல எழுத்து இருக்கிறது. அது எத்தனை உயிர்களைக் குடித்தது என்று சொல்லத்தான் எதுவும் பொறிக்கப்படவில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கும்போது, அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டாமா, சொல்லுங்கள்?