பொன்சேகா, சரத் (ஜனாதிபதித் தேர்தல், 2010)

இலங்கை இராணுவத்தின் முன்னாள் தளபதி, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர், சின்னம் அன்னம். விடுதலைப் புலிகளுடன் நடந்து 2009 மே மாதம் முடிந்த போரைக் களத்தில் நடத்தியவரும் முடித்துவைத்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் ஒரே வெற்றிக்கு உரிமை கோரி மோதினர். 2006 ஏப்ரலில் தற்கொலைத் தாக்குதலில் படுகாயமுற்று மீண்டதால், பொன்சேகாவைக் கோழை என்று எவரும் சொல்லிவிட முடியாது. துரோகி என்று சொல்லலாம். அதற்கு 2009 டிசம்பரில் 'சண்டே லீடர்' பத்திரிகை வெளியிட்ட பேட்டி வழிவிட்டது: வெள்ளைக்கொடியுடன் சரணடைய வந்தவர்களைக் கொல்ல உத்தரவிடப்பட்டதாக அவர் கூறியதாகச் செய்தி. அவர் பின்வாங்கி விளக்கமளித்தும் பயனில்லை.

அமெரிக்காவில் வியட்நாம் போரில் பங்கேற்ற ஜான் கெர்ரி, 1971-இல் செனட் குழுவின் முன் அப்போருக்கு எதிராகப் பேசியது 2004 ஜனாதிபதித் தேர்தலில் அவரையே திருப்பித் தாக்கியது இதற்கு இணை. ஆனால் கெர்ரி போர் எதிர்ப்பாளர். பொன்சேகா ஒருபோதும் அல்லர்.

விந்தை வடக்கில்தான். தமிழர் கட்சிகளின் அணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது. தம்மீது படை நடத்தியவருக்கே யாழ்ப்பாணமும் வன்னியும் பெரும்பான்மை அளித்தன. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் கால்பங்கினரே. நாடளவில் ராஜபக்ச 57.88%, பொன்சேகா 40.15%. தேர்தல் முடிந்து இரு வாரங்களுக்குள், பிப்ரவரி 8 அன்று, பொன்சேகா கைதானார்.