தட்டைக் கழுவுறது யாரு? - டெஸ்ட்டுகளின் குட்டி வரலாறு

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரலை. இன்னிக்கு பொட்டி தட்டுற சமாச்சாரம்தான், ஆனா வரலாறா சொல்றேன். பயப்படாம வாங்க :-)

நாம எழுதின நிரல் சரியா ஓடுதான்னு பார்க்க இன்னொரு குட்டி நிரல் எழுதுவோம். அதுதான் டெஸ்ட். ஒரு டெஸ்ட், டேட்டாபேஸில் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்கும். அடுத்த டெஸ்ட், மொத்தம் எத்தனை பேர்னு எண்ணும். முதலாவது தான் சேர்த்ததை அழிக்காம போனா ரெண்டாவதுக்குக் கணக்கு தப்பும். ஹாஸ்டல் மெஸ்ஸில் கழுவாம வச்சுட்டுப் போன தட்டு மாதிரி. அதைவிட மோசம், முதலாவது விட்டுட்டுப் போன மிச்சத்தை நம்பியே ரெண்டாவது பாஸ் ஆகிட்டு இருக்கிறது!

இந்தத் தட்டுப் பிரச்சினை பழசு. 1997ல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டா போற விமானத்தில் உட்கார்ந்து ஜேயூனிட்டை ஆரம்பிச்சாங்க. (எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு!) ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதுசா ஒரு ஆப்ஜெக்ட் உருவாகணும்னு அதுல வச்சாங்க. ஆளுக்கொரு புதுத் தட்டு. ஆனா அது மெமரிக்கு மட்டும்தான். டேட்டாபேஸ் வெளியில இருக்கிற அண்டா, எல்லாருக்கும் பொது.

இதோட விலை 2011ல் தெரிஞ்சது. அதுவரைக்கும் ஜாவா, டெஸ்ட்டுகளைப் பெரும்பாலும் நாம எழுதின வரிசையிலேயே எடுத்துக் கொடுத்தது. அப்படித்தான் கொடுப்பேன்னு அது எப்பவும் வாக்குக் கொடுத்ததில்லை. அந்த வருஷம் வந்த ஜாவா 7ல் வரிசை மாறினது. வருஷக்கணக்கா பச்சையா இருந்த டெஸ்ட்டுகள் பல இடத்தில் சிவப்பாச்சு. நிரலில் ஒரு எழுத்துகூட மாறலை. ஒளிஞ்சிருந்த சார்பு வெளிய வந்தது, அவ்வளவுதான். 2012ல் ஜேயூனிட் 4.11 வந்து வரிசையை நிலைப்படுத்தினது. என்னைக் கேட்டா அது வலி மாத்திரை, வைத்தியம் இல்லை.

வைத்தியம் வேற இடத்திலிருந்து வந்தது. பணப் பரிமாற்றம் மாதிரி வேலை பாதியில நின்னா, நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி ஆக்கணும். இந்த டிரான்சாக்‌ஷன் கருத்தை ஜிம் கிரே 1981ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1983ல் ஹேர்டரும் ராய்ட்டரும் அதோட குணங்களுக்கு 'ஆசிட்'னு பேர் வச்சாங்க. அதுல 'ஐ' எழுத்து ஐசொலேஷன், அதாவது தனிமை. பின்னாடி ஸ்பிரிங், ரெயில்ஸ், 2009ல் ஜாங்கோ 1.1 எல்லாம் இதையே டெஸ்ட்டுக்குக் கடன் வாங்கினாங்க: டெஸ்ட்டுக்கு முன்னாடி டிரான்சாக்‌ஷனைத் திற, முடிஞ்சதும் ரோல்பேக் பண்ணு. வங்கிக்கணக்கைக் காப்பாத்த வந்தது, நம்ம தட்டைக் கழுவுது!

ஆனா இதுவும் முழுசாக் கழுவாது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிளில் சீக்வென்ஸ் எண் ரோல்பேக்கில் திரும்பாது. அடையாள எண் 1னு எதிர்பார்க்கிற டெஸ்ட் மறுநாள் விழும். மைஎஸ்க்யூஎல்லின் மைஐசாம் டேபிளுக்கு டிரான்சாக்‌ஷனே கிடையாது. நிரல் வேற கனெக்‌ஷன்ல கமிட் பண்ணிட்டாலும் அதோட கதை முடிஞ்சது.

அதனால எனக்குப் பிடிச்சது, 2002 வாக்கில் வந்த டிபியூனிட்டின் பழைய வழி: டெஸ்ட் தொடங்குறதுக்கு *முன்னாடி* டேபிளைக் காலி பண்ணி, வேண்டியதை மட்டும் போடு. மெதுவாத்தான் ஓடும். ஆனா முந்தின டெஸ்ட் பாதியில செத்துப்போயிருந்தாலும் கவலை இல்லை. சாப்பிட்டவன் கழுவியிருப்பான்னு நம்புறதைவிட, சாப்பிடப் போறவன் கழுவிக்கிறது நல்லது. இன்னிக்கு டாக்கரில் டேட்டாபேஸையே புதுசா எழுப்புறதும் இதே யோசனைதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஜெரார்ட் மெசாரோஸ் 2007ல் எழுதின டெஸ்ட் புத்தகத்தில் இந்த நோய்க்கெல்லாம் பேர் வச்சிருக்கார். கூட்டத்தோட ஓடினா மட்டும் பாஸ் ஆகிறதுக்கு 'லோன்லி டெஸ்ட்'. ஒரே டேட்டாபேஸில் நாலு பேர் ஒரே நேரத்தில் டெஸ்ட் ஓட்டி அடிச்சுக்கிறதுக்கு 'டெஸ்ட் ரன் வார்' :-)) சிரிப்பா இருக்கும். ஆனா காரணமில்லாம சிவப்பாகிற டெஸ்ட், புலி வருது கதைதான். "அது அப்படித்தான், திருப்பி ஓட்டு"ன்னு டீம் பழகிடும். நிஜப் புலி வர்ற அன்னிக்கும் திருப்பித்தான் ஓட்டுவோம்.

உங்க டெஸ்ட்டுகளை இன்னிக்கு ஒருதடவை வரிசை மாத்தி ஓட்டிப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.

டிஸ்கி: மெஸ் தட்டு உதாரணம் பொதுவானது. எந்த ஹாஸ்டலையும் குறிப்பிடுவன அல்ல!