மெட்டு ஏறிய உப்புவிதை

சீனப் புத்தாண்டு நெருங்கும் நாட்களில் இம்மலேசிய நாட்டின் கடைவீதிகளில் குவாச்சிப் பொட்டலங்கள் மலைபோற் குவிந்து கிடப்பதை அன்பர்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். தர்ப்பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் உப்புநீரில் ஊறி, உலர்ந்து, வறுபட்டு வருகின்றன. நம் பிள்ளைகளும் அவற்றை விரும்பிக் கொறிக்கின்றார்கள். ஒரு நாள் மாலை சங்கக் கூட்டம் முடிந்து உரையாடிக்கொண்டிருந்தபோது அத்தகைய தட்டொன்று நம்மிடையே சுற்றி வந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த முதிய அம்மையார் ஒருவர் இரண்டு விதைகளை வாயிலிட்டுப் பார்த்துவிட்டு, "இது மெட்டு ஏறுறவுக மடியில கட்டிக்கிட்டுப் போற சாமானுல்லப்பா! நாற்காலியில உக்காந்து கொறிக்கிறதுக்கு இம்புட்டு உப்பு எதுக்கு?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

மெட்டு என்று அவர் சுட்டியது போடிமெட்டை. தேனி மாவட்டத்தாருக்கு மெட்டு என்பது மலையைக் கடக்கும் மேட்டுவழி. கம்பமெட்டு ஒன்று, போடிமெட்டு மற்றொன்று. போடிநாயக்கனூரைவிட்டு மேற்கே சென்றால் முந்தல் வரும். அங்கிருந்து சாலை மலைமேல் ஏறத் தொடங்கும். பதினைந்துக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உச்சியை அடைந்தால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும். அப்பால் பூப்பாறை, மூணாறு. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியாகவே செல்கிறது. கீழே வெயில் சுடும்போது மேலே பனிமூட்டம் முகத்தில் அறையும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம் ஏறக்குறைய 1000 மீட்டர். இன்று உந்து வண்டியில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் இவ்வுயரத்தைத்தான் நம் முன்னோர் காலால் ஏறினார்கள்.

ஏன் ஏறினார்கள்? முதற்காரணம் ஏலம். உடும்பன்சோலைப் பக்கத்து மலைகளில் விளைந்த ஏலத்தைத் திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் தன் தனியுரிமைப் பண்டமாகவே வைத்திருந்தது. அதைப் பறிக்கவும் உலர்த்தவும் வேண்டிய கைகள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் பருவந்தோறும் மேலேறின. அடுத்துத் தேயிலை வந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைப் பெற்ற பின்னர், காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சென்றனர். மூணாற்றுத் தேயிலையோ எதிர்த்திசையில் இறங்கிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908 முதல் சிறு இருப்புப்பாதையும் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொணர்ந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியேறிப் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது 1928இல்தான்.

தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. அதைக் கட்டிய மனிதருக்கு இருந்தவை இரு கால்களே. இதனைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

மலைமேல் ஏலம் விளையும், மிளகு விளையும், உப்பு விளையாது. உப்பு ஒவ்வொரு கல்லும் கீழிருந்தே ஏற வேண்டும். சங்க காலத்து உமணர் வண்டிகட்டி உப்பு விற்றதைப் பழந்தமிழ் நூல்களில் படிக்கின்றோம். வண்டி ஏறாத மலைவழிகளிலோ பொதிமாட்டின் முதுகும் மனிதனின் தலையுமே வண்டியாயின. இப்படி அரிசியோடும் புளியோடும் ஏறிய உப்பு, மெட்டைத் தாண்டியதும் அருமையான பொருளாகிவிடும். அதிலும் ஒரு தொல்லை உண்டு. பனிமூட்டத்தில் கல்லுப்பு கசியும். வறுத்த பயறு நமுத்துப் போகும். பயறும் உப்பும் ஒரே முடிச்சில் தனித்தனியாக இருந்தால் இரண்டும் கெடும். ஆகவே நம் சங்கத்து முதியோர் வீடுகளில் கையாண்ட முறை வேறு. நிலக்கடலையை ஓட்டோடு உப்புநீரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பின்னர் சூடேறிய ஆற்றுமணலில் இட்டு வறுப்பார்கள். உப்பு ஓட்டின் வழியே உள்ளே இறங்கிப் பருப்பில் தங்கும். ஓடோ பருப்பை ஈரத்திலிருந்து காக்கும். மொச்சையும் கொண்டைக்கடலையும் இவ்வாறே உப்பேறி வறுபட்டன. அவ்வம்மையார் "மடியில கட்டிக்கிட்டுப் போற சாமான்" என்றது இதைத்தான். கட்டுச்சோறு முதல் நாளோடு தீர்ந்துவிடும். வறுகடலை வாரக்கணக்கில் நிற்கும்.

ஈண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் எடையும் அவர் தூக்கிய மூட்டையின் எடையும் சேர்ந்து 60 கிலோ எனக் கொள்வோம். அவ்வெடையை 1000 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 140 கிலோ கலோரி. ஆனால் நம் உடல் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கே இவ்வாறு பயன்படுகின்றது. எஞ்சியது வெப்பமாய்ப் போகின்றது. எனவே உண்மையில் செலவாவது 560 கிலோ கலோரிக்குக் குறையாது. 100 கிராம் நிலக்கடலைப் பருப்பிலுள்ள ஆற்றல் எவ்வளவு? ஏறத்தாழ 567 கிலோ கலோரி. சூரியகாந்திப் பருப்பில் 584. மூன்று நான்கு கைப்பிடிப் பருப்பு, ஒரு மெட்டு! கலோரி என்ற சொல்லையே கேள்விப்படாத அம்மக்கள் மடியில் முடிந்த அளவு இக்கணக்கோடு எவ்வளவு பொருந்துகின்றது பாருங்கள்.

உப்புக்கும் இதே நியாயம் உண்டு. ஏறுபவர் வியர்க்கிறார். ஒரு லிட்டர் வியர்வையோடு ஆளுக்கு ஆள் மாறுபட்டு ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பு வெளியேறும். வெறும் நீரை மட்டும் குடித்து ஏறினால் சோர்வு வரும். கடலையில் இருந்த உப்பு சுவைக்காக மட்டும் சேர்ந்ததன்று.

இனிச் சூரியகாந்திக்கு வருவோம். போடிமெட்டில் அது பயிரன்று. மூணாற்றுச் சாலையோரங்களில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்தவர் பலர். அது மெக்சிகோவிலிருந்து வந்த காட்டுச் சூரியகாந்தி, அதன் விதை உணவுக்காகாது. உண்ணும் சூரியகாந்தியின் பிறப்பிடம் வட அமெரிக்கா. அங்கே டென்னசி மாநிலத்தில் அகழ்ந்தெடுத்த விதைகள் 4000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்நாட்டுப் பழங்குடியாருள் ஹிடாட்சா என்போர் மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். அவர்களுள் எருமைப்பறவைப் பெண் என்று பெயர்கொண்ட மூதாட்டி ஒருவர் தம் குலத்தின் உழவுமுறைகளைச் சொல்லச் சொல்ல, கில்பர்ட் வில்சன் என்பவர் எழுதி 1917இல் வெளியிட்டார். அதில் ஒரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்திற்று. போருக்குச் செல்லும் வீரன் வறுத்து இடித்த சூரியகாந்தி மாவை உருண்டையாக்கி, தோலில் பொதிந்து எடுத்துச் செல்வானாம். களைத்தபோது சிறிது கடித்துக்கொள்வானாம். போடிமெட்டு ஏறியவரின் மடிமுடிச்சையும் அவ்வீரனின் தோல்பொதியையும் பிரிப்பது பெருங்கடல். பசியும் களைப்பும் ஒன்றே.

16ஆம் நூற்றாண்டில் இசுபானியர் அச்செடியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். நெடுங்காலம் அது தோட்டத்து அழகுப் பூவாகவே இருந்தது. உருசியாவில் 1830ஐ ஒட்டி அலெக்சேயெவ்கா என்னும் ஊரில் பொக்கரேவ் என்ற குடியானவர் அதன் விதையிலிருந்து எண்ணெய் பிழிந்து காட்டினார். அதன்பின் அது பெரும் பயிராயிற்று. 20ஆம் நூற்றாண்டில் புஸ்தவோயித் என்னும் அறிஞர் விதையின் மூன்றில் ஒரு பங்களவில் இருந்த எண்ணெயைப் பாதியளவுக்கு உயர்த்தினார். அவ்வுயர்ந்த இனங்களே 1969இல் சோவியத்து நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்து எண்ணெய்ப் பயிராக ஊன்றின. இன்று தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் கேரளத்திலிருந்து மக்கள் திரண்டு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பூவைப் பார்க்க மலை இறங்கி வருகிறவர்கள் விதையை உண்டு பார்க்கிறார்களா என்பது ஐயமே. நம் நாட்டில் சூரியகாந்தி என்றால் எண்ணெய்தான். அவ்வெண்ணெயும் பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் உக்ரேனில் போர் மூண்டபோது நம் உறவினர் வீட்டு அடுக்களைகளில் எண்ணெய் விலை ஏறியது இதனால்தான்.

நிலக்கடலையும் வந்தேறியே. தென்னமெரிக்காவில் பிறந்து, தென்னார்க்காட்டில் வேரூன்றி, அங்கே மணிலாக்கொட்டை, மல்லாட்டை எனப் பெயர்பெற்று, 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறை வழியாகப் பிரெஞ்சு நாட்டுக்குக் கப்பலேறியது. குடிபெயர்ந்தவரின் மடியில் குடிபெயர்ந்த விதை! நமக்கும் அதற்கும் உள்ள உறவு நாம் எண்ணியதைவிட நெருக்கமானது.

மெட்டின் கதையில் 1956ஐ விட்டுவிட இயலாது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று போராடிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. ஒரே வழிநடையின் அடியும் உச்சியும் இரு மாநிலங்களாகவே நீடித்தன. மெட்டில் சோதனைச் சாவடி வந்தது. ஆனால் ஏறுவது நிற்கவில்லை. இன்றும் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். ஏலமோ போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் மின்வழி ஏலத்தில் விலைபோகிறது. 2020இல் நோய்த்தொற்றால் எல்லை அடைபட்டபோது, அவ்வொரு நாள் கூலி எத்தனை அடுப்புகளை எரித்தது என்பது ஊரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்திகளால் நமக்குத் தெரிந்தது.

அம்மையாரின் கேள்விக்குத் திரும்புவோம். சூரியகாந்திப் பருப்பு நல்லுணவா? ஐயமின்றி நல்லுணவே. 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 21 கிராம், கொழுப்பு 51 கிராம். அக்கொழுப்பிலும் பெரும்பகுதி லினோலியிக் அமிலம் என்னும் வகை. உயிர்ச்சத்து 'ஈ' 35 மில்லிகிராம். நிலக்கடலையில் இது 8 அளவே. மக்னீசியமும் நிலக்கடலையினும் ஏறக்குறைய இருமடங்கு. புரதத்தில் மட்டும் நிலக்கடலை முந்துகிறது. குறை விதையில் இல்லை. அதன்மேற் பூசிய உப்பில் இருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. பொட்டலத்தின்மேல் சோடியம் 1000 மில்லிகிராம் என அச்சிட்டிருந்தால் உப்புக் கணக்கில் அது 2½ கிராம். பலர் ஓட்டை உறிஞ்சிவிட்டுத்தான் துப்புகிறார்கள். உப்பில் பெரும்பங்கு அவ்வோட்டிலேயே ஒட்டியிருக்கிறது. வியர்வை சிந்தி மலை ஏறியவருக்குத் துணைநின்ற உப்பு, குளிரூட்டிய அறையில் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருப்பவரின் குருதியழுத்தத்தை அல்லவா ஏற்றும்? இரத்தக்கொதிப்புக்கு மருந்து உண்ணும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அஞ்சுகிறோம்.

ஆகவே நம் இல்லத்தரசியரிடம் ஒரு வேண்டுகோள். உப்பிடாத பருப்பை வாங்குங்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, சிறிது புளியோடு வறுத்து இடித்தால் இட்டிலிக்கு எள்ளுப்பொடிக்கு இணையான பொடி கிடைக்கும். உப்பை நீங்களே அளந்து சேர்க்கலாம். தேங்காய்க்குப் பதிலாக அரைத்துத் துவையலும் செய்யலாம், சுண்டல்மேல் தூவலாம். ஆப்பச்சோடா சேரும் பண்டத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அப்பருப்பிலுள்ள குளோரோசெனிக் அமிலம் சோடாவோடு கூடினால் பண்டம் பச்சை நிறமாகிவிடும். நம் வீட்டில் ஒரு முறை பணியாரம் பச்சையாய் வெந்து வர, நஞ்சோ என்று அஞ்சி முழுவதையும் கொட்டிவிட்டோம். அதனால் தீங்கில்லை என்பது பின்னரே தெரிந்தது. பணியாரம் போனது போனதுதான்.

ஆண்டு விழாவன்று மண்டப வாயிலில் இரண்டு இருப்புச்சட்டிகள் வைக்க ஏற்பாடு செய்துள்ளோம். ஒன்றில் நிலக்கடலை, மற்றொன்றில் ஓட்டுடன் சூரியகாந்தி விதை. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு என்ற அளவில் ஓரிரவு ஊறி, இரண்டு நாள் காய்ந்த விதை மணலில் வறுபடும். அருகிலேயே உப்பிடாத விதையும் ஒரு கூடையில் இருக்கும். வறுப்பதற்கு அம்மையார் இசைந்துள்ளார். ஆற்றுமணல்தான் இன்னும் கிடைத்தபாடில்லை. அன்பர்கள் எவரிடமேனும் இருந்தால் விழாவுக்கு முன்னரே கொணர்ந்து தர வேண்டுகிறோம்.