சொல்லால் வந்த புண்

வகுப்பறையின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன். அவன் கையிலே சில வெண்திட்டுகள். "அவனுக்குக் குட்டம், எங்கள் பிள்ளைகளை அவனருகே அமர்த்தாதீர்கள்" என்று பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து முறையிட்டனர். அச்சிறுவனின் தோல் நிறமிழந்திருந்தது, அவ்வளவுதான். அது தொட்டால் தொற்றாது. தொழுநோய்க்கும் அதற்கும் உறவே இல்லை. ஆயினும், நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் 'வெண்குட்டம்'! நோய் செய்யாத கொடுமையைப் பெயர் செய்தது.

இக்கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதன் வரலாறு ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது.

எபிரேயரின் மறைநூலில் 'சாராத்' என்றொரு சொல் உண்டு. தோலில் தோன்றும் கறைகளுக்கு அது பெயர். ஆடையில் படரும் கறைக்கும், வீட்டுச் சுவரில் படரும் கறைக்குங்கூட அதுவே பெயர்! சுவருக்கும் தொழுநோய் வருமோ? அச்சொல் சுட்டியது ஒரு நோயை அன்று. 'தீட்டு' என்னும் எண்ணத்தை. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் 'லெப்ரா' என்றனர். கிரேக்க மருத்துவருக்கோ லெப்ரா என்றால் செதில் உதிரும் தோல்நோய். தொழுநோயை அவர்கள் 'எலிஃபண்டியாசிஸ்' என்ற வேறு பெயரால் அழைத்தனர். பின்னர், 11ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்த ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன், அரபியர் 'ஜுதாம்' என்றழைத்த தொழுநோய்க்கு லெப்ரா என்று பெயரிட்டார். தீட்டு, செதில், தொழுநோய் மூன்றும் ஒரே சொல்லுக்குள் சிறைப்பட்டன.

விளைவு என்ன? 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் மாமன்றம், தொழுநோயாளருக்குத் தனிக்கோயிலும் தனி இடுகாடும் வகுத்தது. வாழ்விலும் தனிமை, சாவிலும் தனிமை! செதில் உதிர்ந்த குற்றத்துக்காகவே எத்தனை பேர் அந்தத் தனிமைக்குத் தள்ளப்பட்டனரோ, யார் கணக்கிட்டார்?

இருளை விலக்க வேண்டுமானால், கண்டதைக் கண்டவாறு சொல்லும் சொற்கள் வேண்டும். 1776இல் வியன்னாவின் பிளென்க் என்பார் தோல்நோய்களைப் பதினான்கு வகுப்புகளாகப் பிரித்தார். அவ்வழியை நேராக்கியவர் இராபர்ட்டு வில்லன். இலண்டன் பொது மருந்தகம் ஒன்றில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர் அவர். 1798 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய நூல், எட்டே பிரிவுகளை வகுத்தது: பரு, செதில், செந்தடிப்பு, பெருங்கொப்புளம், சீழ்க்கொப்புளம், நீர்க்கொப்புளம், முடிச்சு, புள்ளி. தோலோடு சமமாக நிறம் மட்டும் மாறினால் புள்ளி. மேலெழுந்து திண்மையாய் இருந்தால் பரு. உள்ளே தெளிந்த நீர் இருந்தால் நீர்க்கொப்புளம். சீழ் இருந்தால் சீழ்க்கொப்புளம். தெய்வ சினம் என்றோ, முன்வினைப் பயன் என்றோ ஒரு பிரிவும் அங்கே இல்லை! 1812இல் அவர் மறைந்தார். மாணவர் பேட்மன் 1813இல் அப்பணியை நிறைவாக்கி நூல் தந்தார்.

ஆனால், அந்த வில்லனும் ஓரிடத்தில் இடறினார். செதில் நோய் ஒன்றுக்கு 'லெப்ரா' என்ற பழம்பெயரையே விட்டுவைத்தார். இன்று நாம் சொரியாசிஸ் என்பது அதுவே. 1841இல் வியன்னாவின் ஹெப்ரா அப்பெயரை அதனின்று நீக்கினார். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோயின் கிருமியைக் கண்டார். பழியும் பாவமும் அன்று. கிருமியே காரணம் என்பது வெளியாயிற்று.

அந்த இலத்தீன் பெயர்களைக் கண்டு நாம் மலைக்க வேண்டுவதில்லை. 'மேக்யூலா' என்றால் கறை. 'வெசிக்யூலா' என்றால் சிறு பை. 'ஸ்குவாமா' என்றால் செதில். எல்லாம் அந்நாட்டார் வீட்டுப் பேச்சில் புழங்கிய சொற்களே. பருவும் மருவும், தேமலும் தடிப்பும், படையும் கொப்புளமும் வைத்திருக்கும் தமிழுக்கா சொல் பஞ்சம்? பஞ்சம் சொல்லில் இல்லை. அதனை ஆளும் பொறுப்பிலே இருக்கிறது.

தொழுநோயாளரை விலக்கலாம் என்பதும் நம் கருத்தன்று. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் அந்நோய் தீருகிறது. ஆயினும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக்கிய விதிகளை நம் சட்டங்களிலிருந்து நீக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மருந்து முந்தியது, மனம் பிந்தியது.

இன்று 'வெண்புள்ளி' என்ற நற்சொல் தமிழில் வழங்குகிறது. நாம் பெற்றோரை அழைத்து அச்சொல்லைச் சொன்னோம், பொருளையும் சொன்னோம். சிலர் தெளிந்தனர், சிலர் முணுமுணுத்தனர். சிறுவனோ இப்போது முன்வரிசையில், தோழன் ஒருவனோடு ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து படிக்கிறான். திட்டுகள் அப்படியேதான் உள்ளன. திருந்த வேண்டியது அவன் தோல் அன்று, நம் நாக்கு!